ஹிரோசிமா, நாகசாகி மீதான அணுகுண்டு வீச்சு: சரியா, பிழையா?

க.பொ.த (சாதாரண தரம்) – வரலாறு
அலகு: இரண்டாம் உலக மகா யுத்தம்



இரண்டாம் உலக மகா யுத்தம் என்ற அலகைப் படிக்கும் மாணவர்கள் பலர் அணுகுண்டு வீச்சை இரண்டு திகதிகளாக மட்டும் மனனம் செய்து வைத்திருப்பர். 1945 ஆகஸ்ட் 6 ஹிரோசிமா, ஆகஸ்ட் 9 நாகசாகி. குறுவினாவுக்கு இது போதும். ஆனால் "அணுகுண்டு வீசப்பட்டமை நியாயமானதா? ஆராய்க" என்று வினா வந்தால் திகதிகள் கைகொடுக்கமாட்டா.

எமது வரிப்பத்தான்சேனை வகுப்பில் இப்பாடத்தைத் தொடங்கும்போது நான் முதலில் கையை உயர்த்தச் சொல்வதுண்டு. "குண்டு போட்டது சரி என்பவர்கள் யார்? பிழை என்பவர்கள் யார்?" ஒரு முறை சரி என்று கையுயர்த்திய ஒரு மாணவனிடம் காரணம் கேட்டேன். "சேர், அவனுகள்தானே முதல்ல அடிச்சானுகள்" என்றான். வகுப்பில் பாதிப்பேர் தலையசைத்தனர். அந்த விடையில் எங்கே பிழை உள்ளது என்பதைக் கண்டுபிடிப்பதே இப்பாடத்தின் முக்கிய வேலையாகும்.

இப்பாடத்தைக் கற்பதன் மூலம் நீங்கள்,
• அணுகுண்டு வீச்சுக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளைக் கால ஒழுங்கில் கூறுவீர்கள்.
• அதற்குச் சார்பாகவும் எதிராகவும் முன்வைக்கப்படும் வாதங்களைச் சான்றுகளுடன் விளக்குவீர்கள்.
• இவ்விவாதத்தில் இலங்கையரின் பங்கினை எடுத்துக்காட்டுவீர்கள்.
• உங்கள் சொந்த முடிவை நியாயப்படுத்தி எழுதுவீர்கள்.

1. யுத்தம் நமது கடலுக்கு வந்த நாட்கள்

இரண்டாம் உலக மகா யுத்தம் தொலைவில் நடந்த ஒன்று என நினைக்கக் கூடாது. 1941 டிசம்பர் 7 இல் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் தலைமையில், 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பும், ஏப்ரல் 9 இல் திருகோணமலையும் விமானங்களால் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த 307 பேர் உயிரிழந்தனர். அக்கப்பலின் சிதைவு இன்றும் நமது கிழக்குக் கடலின் அடியில் கிடக்கிறது.

அன்று நடந்த இன்னொன்றையும் கவனிக்கவும். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்தது. போர்க்கப்பலைத் தாக்கிய விமானங்கள் மருத்துவக் கப்பலைத் தாக்காமல் விட்டன. அக்கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றிக் கரைசேர்த்தது. போரிடுபவர் வேறு, போரிடாதவர் வேறு என்ற வேறுபாடு அன்று அக்கடலில் பேணப்பட்டது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் முழுவதற்கும் இது தேவைப்படும்.

ஆனால் யப்பானியப் படை எல்லா இடங்களிலும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1937 டிசம்பரில் சீனாவின் நான்கிங் நகரைக் கைப்பற்றிய அப்படை பெருந்தொகையான பொதுமக்களையும் சரணடைந்த படையினரையும் கொன்றது. 1942 – 1943 காலப்பகுதியில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் புகையிரதப் பாதையை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டனர். பசி, வாந்திபேதி, மலேரியா, அடி உதை ஆகியவற்றால் அவர்களில் பல்லாயிரக்கணக்கானோர் காட்டிலேயே மடிந்தனர். தமிழர் அதனைச் "சயாம் மரண ரயில்" என நினைவுகூருகின்றனர். எனவே யப்பானை ஒன்றும் செய்யாத அப்பாவி நாடாக எழுதுவதும் வரலாற்றுப் பிழையாகும்.

2. நிகழ்வுகள் கால ஒழுங்கில்

1942 – அணுகுண்டைத் தயாரிப்பதற்கான மன்ஹட்டன் திட்டம் அமெரிக்காவில் ஆரம்பமானது. குண்டை வடிவமைத்த லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திற்கு விஞ்ஞானி ரொபட் ஒப்பன்ஹைமர் பொறுப்பாக இருந்தார்.
1945 மார்ச் 9 – 10 – டோக்கியோ நகர் மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. ஒரே இரவில் சுமார் 1,00,000 பேர் இறந்தனர்.
1945 ஏப்ரல் 12 – ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலமானார். ஹரி ட்ரூமன் ஜனாதிபதியானார்.
1945 மே – ஜேர்மனி சரணடைந்தது.
1945 ஏப்ரல் – ஜூன் – ஒகினாவாப் போர். 12,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், பல்லாயிரக்கணக்கான தீவு மக்களும் இறந்தனர்.
1945 ஜூலை 16 – நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் முதலாவது அணுகுண்டு பரிசோதிக்கப்பட்டது.
1945 ஜூலை 26 – யப்பான் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் எனக் கோரும் பொட்ஸ்டாம் பிரகடனம் வெளியிடப்பட்டது.
1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 – ஹிரோசிமா மீது அணுகுண்டு வீசப்பட்டது.
1945 ஆகஸ்ட் 8 – சோவியத் ஒன்றியம் யப்பான் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. மறுநாள் அதன் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன.
1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11.02 – நாகசாகி மீது இரண்டாவது குண்டு வீசப்பட்டது.
1945 ஆகஸ்ட் 15 – சக்கரவர்த்தி ஹிரோகித்தோவின் உரை வானொலியில் ஒலிபரப்பானது.
1945 செப்டெம்பர் 2 – டோக்கியோ விரிகுடாவில் நின்ற மிசூரி என்ற கப்பலில் சரணாகதி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது.

3. இரண்டு குண்டுகளும் அவற்றின் விளைவும்

ஹிரோசிமாக் குண்டு: யுரேனியத்தால் ஆனது. பெயர் "சின்னப் பையன்". இனோலா கே என்ற விமானத்திலிருந்து வீசப்பட்டது. 1945 இறுதிக்குள் இறந்தோர் சுமார் 1,40,000.

நாகசாகிக் குண்டு: புளுட்டோனியத்தால் ஆனது. பெயர் "குண்டு மனிதன்". பொக்ஸ்கார் என்ற விமானத்திலிருந்து வீசப்பட்டது. 1945 இறுதிக்குள் இறந்தோர் சுமார் 70,000. அன்று முதலில் குறிவைக்கப்பட்டது கொக்குரா நகரமாகும். அங்கு புகையும் முகிலும் மறைத்தமையால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

ஹிரோசிமாவில் குண்டு நிலத்திலிருந்து சுமார் 600 மீற்றர் உயரத்தில் வெடித்தது. அதற்கு நேர் கீழிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஆரையுள்ள பகுதி அழிந்தது. 2 கிலோமீற்றர் என்பது எவ்வளவு? உங்கள் ஊர்ச் சந்தியில் நின்று நான்கு திசையிலும் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அந்த வட்டத்துக்குள் வரும் பாடசாலை, பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, சந்தை, உங்கள் வீடு, உம்மாவின் வீடு, மாமியின் வீடு அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்போதுதான் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இறந்தவர்கள் யார் என்பதை அறிவது இப்பாடத்தில் மிகவும் முக்கியமானது.

(i) படையினர் – ஹிரோசிமாவில் யப்பானின் இரண்டாவது பொதுப் படைத் தலைமையகம் இருந்தது. அங்கு இறந்த படையினர் சுமார் 20,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. ஏனையோரில் மிகப் பெரும்பாலோர் பொதுமக்கள்.
(ii) மாணவர்கள் – விமானத் தாக்குதலின்போது தீ பரவாமலிருக்க வீடுகளை உடைத்து வெளி அமைக்கும் வேலைக்காக 12, 13 வயதுப் பிள்ளைகள் பாடசாலைகளிலிருந்து நகரின் மத்திக்கு அழைத்துவரப்பட்டிருந்தனர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அவர்கள் உங்களைவிட மூன்று நான்கு வயது இளையவர்கள்.
(iii) கொரியர்கள் – அப்போது கொரியா யப்பானின் ஆட்சியின் கீழ் இருந்தது. வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த கொரியர்களும் பல்லாயிரக்கணக்கில் குண்டுக்கு ஆளாகினர். யப்பானியரால் அடிமைப்படுத்தப்பட்டவர்களே யப்பானுக்கான தண்டனையையும் அனுபவித்தனர்.
(iv) பின்னர் இறந்தோர் – கதிர்வீச்சினால் ஏற்பட்ட புற்றுநோயால் பல ஆண்டுகளின் பின்னரும் மரணங்கள் நிகழ்ந்தன. குண்டு வீழ்ந்தபோது 2 வயதுக் குழந்தையாக இருந்த சடாக்கோ சசாகி 1955 ஒக்டோபரில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவளது நினைவாகத் தொடங்கிய முயற்சியால் 1958 இல் ஹிரோசிமாவில் சிறுவர் சமாதான நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது.

4. சார்பான வாதங்கள்

ஒரு பக்கத்தை இகழ்ந்து எழுதுவது ஆராய்தல் ஆகாது. அணுகுண்டு வீசியது சரி என்போரின் வாதங்கள் வலிமையானவை. அவற்றை அவர்களே ஏற்றுக்கொள்ளும் வகையில் எழுதப் பழகுங்கள்.

அ) தரைப்படையெடுப்பு தவிர்க்கப்பட்டது. 1945 நவம்பர் 1 இல் யப்பானின் கியூஷு தீவில் இறங்க அமெரிக்கா திட்டமிட்டிருந்தது. ஒகினாவாவில் ஏற்பட்ட இழப்பைப் பார்த்தோர், யப்பானின் பிரதான தீவுகளில் இதனைவிடப் பன்மடங்கு உயிர்கள் பலியாகும் என அஞ்சினர். அமெரிக்க யுத்தச் செயலாளராக இருந்த ஹென்ரி ஸ்டிம்சன் 1947 இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்றார்.

ஆ) யப்பானின் தலைவர்கள் சரணடைய மறுத்தனர். இரண்டாவது குண்டின் செய்தி வந்த பின்னரும் யப்பானின் உயர் யுத்த சபையின் ஆறு பேரும் சரணடையும் நிபந்தனைகள் பற்றி மூவருக்கு மூவர் எனப் பிரிந்தே நின்றனர். சக்கரவர்த்தி தலையிட்டே முடிவு எட்டப்பட்டது. அதன் பிறகும் இராணுவ அதிகாரிகள் சிலர் ஆகஸ்ட் 14 இரவு சதிப்புரட்சிக்கு முயன்றனர்.

இ) யுத்தம் நீடித்த ஒவ்வொரு நாளும் உயிர்களைக் குடித்தது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் யப்பானின் பிடியிலிருந்த மக்களும் போர்க் கைதிகளும் நாள்தோறும் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களும் அப்பாவிகளே.

ஈ) தீக்குண்டுகளும் இதே அளவு உயிர்களைப் பறித்தன. டோக்கியோவில் ஒரே இரவில் ஒரு இலட்சம் பேர் இறந்திருக்கையில், அணுகுண்டை மாத்திரம் தனிக் குற்றமாகப் பார்ப்பது ஏன் என இவர்கள் கேட்கின்றனர்.

5. எதிரான வாதங்கள்

அ) குண்டு இல்லாமலே யப்பான் சரணடைந்திருக்கும். அமெரிக்க அரசாங்கமே நியமித்த குண்டுவீச்சு ஆய்வுக் குழு 1946 இல் வெளியிட்ட அறிக்கையில், அணுகுண்டும் சோவியத் தலையீடும் படையெடுப்பும் இல்லாவிடினும் 1945 முடிவதற்குள் யப்பான் நிச்சயமாகச் சரணடைந்திருக்கும் எனக் கருத்துத் தெரிவித்தது. இம்முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர்.

ஆ) சோவியத் யுத்தப் பிரகடனமே யப்பானை அசைத்தது. வரலாற்றாசிரியர் ட்சுயோஷி ஹசெகாவா 2005 இல் வெளியிட்ட நூலில் இவ்வாறு வாதிடுகின்றார். கார் அல்பெரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965 இலேயே, சோவியத் ஒன்றியத்துக்குத் தனது பலத்தைக் காட்டுவதும் அமெரிக்காவின் நோக்கமாக இருந்தது என்றார்.

இ) மாற்று வழிகள் இருந்தன. 1945 ஜூனில் ஜேம்ஸ் பிராங்க் தலைமையிலான விஞ்ஞானிகள், மக்கள் இல்லாத இடமொன்றில் குண்டை வெடித்துக் காட்டும்படி அரசாங்கத்தைக் கேட்டனர். ஜூலையில் லியோ சிலார்ட் என்ற விஞ்ஞானியும் மன்ஹட்டன் திட்டத்தில் பணியாற்றிய பலரும் ஒரு மனுவில் கையொப்பமிட்டனர். அவை ஏற்கப்படவில்லை. எத்தகைய குண்டு வீழப்போகிறது என ஹிரோசிமா மக்களுக்குக் குறிப்பாக எச்சரிக்கை விடுக்கப்படவும் இல்லை.

ஈ) இரண்டாவது குண்டுக்கு அவசரம் என்ன? முதலாவது குண்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் மூன்று நாட்களே இருந்தன. முதற்குண்டை நியாயப்படுத்துவோரில் சிலர்கூட நாகசாகியை நியாயப்படுத்தத் தயங்குகின்றனர்.

உ) இலக்கு நகரமே. ஹிரோசிமாவில் குறிவைக்கப்பட்டது ஒரு படைமுகாம் அல்ல. நகரின் மத்தியிலிருந்த அயோய் பாலமே குறியாகும். ட்ரூமன் தமது ஆகஸ்ட் 9 வானொலி உரையில் ஹிரோசிமாவை ஓர் இராணுவத் தளம் என்று குறிப்பிட்டார். இறந்தோரின் விபரம் அதற்கு மாறாக உள்ளது.

6. இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல்

மேலேயுள்ள வாதங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவை இரண்டு வெவ்வேறு வினாக்களுக்கான விடைகளாகும்.

முதலாம் வினா: குண்டு தேவையாக இருந்ததா? அதாவது, அது இல்லாமல் யுத்தம் முடிந்திருக்குமா?
இரண்டாம் வினா: தேவையாக இருந்தாலும் அது செய்யத்தக்கதா? அதாவது, யுத்தத்தை முடிப்பதற்காக ஒரு நகரத்து மக்களைக் கொல்லலாமா?

முதலாம் வினா சான்றுகளால் ஆராயப்பட வேண்டியது. தந்திகள், கூட்டக் குறிப்புகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றை வைத்து வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதனை விவாதிக்கின்றனர். இரண்டாம் வினா ஒழுக்கம் பற்றியது. முதலாம் வினாவுக்கு "ஆம்" என்று விடை கிடைத்தாலும் இரண்டாம் வினா தானாகத் தீர்ந்துவிடாது. ஓர் எடுத்துக்காட்டு: களவெடுத்த ஒருவனைப் பிடிப்பதற்கு அவனுடைய பிள்ளையைப் பிடித்து வதைத்தால் அவன் உடனே வந்து சரணடைவான். அது பயன் தரும் வழிதான். ஆனால் எந்த ஊரின் நியாயத்திலும் அது சரியாகாது. பிள்ளை களவெடுக்கவில்லை.

இப்போது அந்த மாணவனின் விடைக்கு வருவோம். "அவனுகள்தானே முதல்ல அடிச்சானுகள்." அந்த "அவனுகள்" யார்? பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது யப்பானியக் கடற்படை. நான்கிங்கில் கொலை செய்தது யப்பானிய இராணுவம். ஹிரோசிமாவில் வீடு உடைத்துக்கொண்டிருந்தவர்கள் 12 வயதுப் பிள்ளைகள். செய்தவர் ஒரு கூட்டம், கொடுத்தவர் வேறொரு கூட்டம். ஒரு நாட்டின் பெயரால் இரண்டையும் சேர்த்துக்கட்டும்போதே பிழை தொடங்குகிறது.

இதனை விளங்கிக்கொள்ள நாம் யப்பானுக்குப் போக வேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் கொல்லப்பட்டன. அதே மாதம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தனர். ஒரு கூட்டத்தின் குற்றத்துக்கு அதே இனத்தவர் என்பதற்காக இன்னொருவரிடம் பழிவாங்குவது எங்கு கொண்டுபோய் விடும் என்பதைக் கிழக்கு மாகாணத்தவரான நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. நமது இறப்புகளுக்கு எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோமோ, அதே அளவுகோலைப் பிறரது இறப்புகளுக்கும் பயன்படுத்த வேண்டும். வரலாறு கற்பதன் பயன் இதுவாகும்.

7. பழைய நெறிகளில் போரிடாதோர்

போரிடுவோரையும் போரிடாதோரையும் வேறுபடுத்துவது மேலைநாட்டார் அண்மையில் கண்டுபிடித்த ஒன்று அல்ல.

• சங்க இலக்கியம்: புறநானூற்றின் 9 ஆம் பாடலில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு எய்வதற்கு முன்பு பசுக்கள், பெண்கள், நோயாளர் முதலியோரைப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு அறிவிக்கும் அறநெறியைப் புலவர் நெட்டிமையார் போற்றுகின்றார்.
• இஸ்லாம்: முதலாவது கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் சிரியாவுக்குப் படையனுப்பியபோது பெண்கள், சிறுவர்கள், முதியோரைக் கொல்லக் கூடாது எனவும், கனிதரும் மரங்களை வெட்டக் கூடாது எனவும் கட்டளையிட்டார்கள்.
• மகாபாரதம்: உறங்கும் பாசறைக்குள் இரவில் புகுந்து கொலை செய்த அசுவத்தாமன் பெரும் பழிக்கு ஆளானான். அவனும் தன் தந்தையின் கொலைக்குப் பழிவாங்கவே சென்றான் என்பதைக் கவனிக்க.

8. சட்டமும் நீதியரசர்களும்

ராதா பினோத் பால்: 1946 – 1948 காலப்பகுதியில் நடைபெற்ற டோக்கியோ யுத்தக் குற்ற விசாரணையில் இந்தியாவின் சார்பில் அமர்ந்த நீதிபதி. யப்பானியத் தலைவர்கள் மட்டும் விசாரிக்கப்பட்டு அணுகுண்டு வீசியோர் விசாரிக்கப்படாமையைத் தமது மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் அவர் விடுவித்தமை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

டோக்கியோ மாவட்ட நீதிமன்றம்: குண்டுவீச்சில் தப்பியோர் தொடுத்த வழக்கில், 1963 டிசம்பர் 7 இல் இக்குண்டுவீச்சுகள் அக்காலச் சர்வதேச சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. எனினும் அவர்களுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை.

சர்வதேச நீதிமன்றம்: அணுவாயுதத்தைப் பயன்படுத்துவது சட்டபூர்வமானதா என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டதற்கு 1996 ஜூலை 8 இல் ஆலோசனை அபிப்பிராயம் வழங்கியது. பொதுவாக அது சட்டத்துக்கு முரணானது என்றும், ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் தற்பாதுகாப்பு நிலையில் அது சட்டபூர்வமானதா அல்லவா எனத் திட்டமாகக் கூற முடியாது என்றும் நீதிமன்றம் தெரிவித்தது. நீதியரசர்கள் 7க்கு 7 எனச் சமமாகப் பிரிந்தமையால் தலைவரின் தீர்மான வாக்கினாலேயே இம்முடிவு எட்டப்பட்டது.

அந்த நீதிமன்றத்தில் நமது நாட்டவர் ஒருவர் இருந்தார். அவரே நீதியரசர் சீ.ஜீ. வீரமந்திரி (1926 – 2017). இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராகவும் பின்னர் அவுஸ்திரேலியாவில் சட்டப் பேராசிரியராகவும் விளங்கியவர். "எந்தச் சூழ்நிலையிலும்" அணுவாயுதம் சட்டவிரோதமானதே, அதற்கு விதிவிலக்கே இல்லை என அவர் நீண்ட மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினார். அதில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளிலுள்ள யுத்த நெறிகளை எடுத்துக்காட்டினார். மேலே 7 ஆம் பகுதியில் நாம் கண்டதைப் போன்ற நெறிகளுக்கு, உலக நீதிமன்றத்தில் ஓர் இலங்கையர் இடம் பெற்றுக்கொடுத்தார்.

9. இலங்கையும் யப்பானும்: 1951

1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் யப்பானுடனான சமாதான மாநாடு நடைபெற்றது. இலங்கையின் பிரதிநிதியாக அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கலந்துகொண்டார். விமானத் தாக்குதலாலும், இங்கு பெரும்படைகள் தங்கியமையாலும், யுத்தத் தேவைக்காக இறப்பர் மரங்களில் அளவுக்கு மீறிப் பால் வெட்டப்பட்டமையாலும் ஏற்பட்ட சேதங்களுக்கு நட்டஈடு கேட்க இலங்கைக்கு உரிமையுண்டு என்றும், ஆயினும் அதனைக் கேட்கப் போவதில்லை என்றும் அவர் அறிவித்தார். பகைமையைப் பகைமையால் தணிக்க முடியாது என்ற புத்தரின் போதனையை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்.

1945 இல் யப்பானுக்கு ஒரு விடையும், 1951 இல் இன்னொரு விடையும் கொடுக்கப்பட்டன. அடிபட்ட நாடு திருப்பி அடிக்காமலும் இருக்கலாம் என்பதற்கு இரண்டாவது விடை நமது நாட்டின் சான்றாகும்.

அணுவாயுதத் தடை ஒப்பந்தம் 2017 இல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேற்றப்பட்டு 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2023 இல் அதில் இணைந்தது. குண்டுவீச்சில் தப்பியோரின் அமைப்பான நிஹொன் ஹிடாங்க்யோவுக்கு 2024 ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

10. மாணவர்கள் விடும் பிழைகள்

1. "அணுகுண்டால் ஜேர்மனி சரணடைந்தது" என எழுதுதல். ஜேர்மனி சரணடைந்தது மே மாதத்தில். குண்டு வீசப்பட்டது ஆகஸ்டில்.
2. குண்டு வீசத் தீர்மானித்தவர் ரூஸ்வெல்ட் என எழுதுதல். தீர்மானித்தவர் ட்ரூமன்.
3. "ஆராய்க" என்ற வினாவுக்கு ஒரு பக்க வாதங்களை மட்டும் எழுதுதல்.
4. இரு பக்கமும் எழுதிவிட்டு முடிவு எழுதாமல் விடுதல். "இரண்டு பக்கமும் சரி" என்பது முடிவு ஆகாது.
5. "அமெரிக்கர் கொடியவர்", "யப்பானியர் கொடியவர்" என மக்களையே பழித்தல். செய்தவர் யார் எனக் குறித்து எழுதுக.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: 1945 இல் யப்பானிய நகரங்கள் மீது அணுகுண்டு வீசப்பட்டமை நியாயமானதா? ஆராய்க.

விடை:
1945 ஆகஸ்ட் 6 இல் ஹிரோசிமா மீதும் ஆகஸ்ட் 9 இல் நாகசாகி மீதும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. அவ்வாண்டு இறுதிக்குள் இரு நகரங்களிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இதனை நியாயப்படுத்துவோர், தரைப்படையெடுப்பால் ஏற்படவிருந்த பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது என்பர். யப்பானின் தலைவர்கள் இரண்டாவது குண்டின் பின்னரும் பிரிந்தே நின்றமை இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. யுத்தம் விரைவில் முடிந்தமையால் யப்பானின் பிடியிலிருந்த ஆசிய மக்களும் விடுதலை பெற்றனர்.

எதிர்ப்போர், குண்டு இல்லாமலே யப்பான் சரணடைந்திருக்கும் என 1946 இல் அமெரிக்க ஆய்வுக் குழுவே கருதியதையும், ஆகஸ்ட் 8 இல் சோவியத் ஒன்றியம் யுத்தப் பிரகடனம் செய்ததையும் காட்டுகின்றனர். ஆளில்லாத இடத்தில் குண்டை வெடித்துக் காட்டும் யோசனையும் புறக்கணிக்கப்பட்டது.

குண்டு யுத்தத்தை விரைவுபடுத்தியது என ஏற்றுக்கொண்டாலும், அதன் இலக்கு நகரத்து மக்களாக இருந்தமையை நியாயப்படுத்த முடியாது. யப்பானிய இராணுவத்தின் குற்றங்களுக்கான தண்டனையைப் பாடசாலை மாணவர்களும் கொரியத் தொழிலாளர்களும் அனுபவித்தனர். அணுவாயுதப் பாவனை எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமானது என்ற நீதியரசர் வீரமந்திரியின் 1996 ஆம் ஆண்டு அபிப்பிராயமும் இதனை வலியுறுத்துகிறது. ஆகவே குண்டுவீச்சின் தேவை பற்றி விவாதம் இருப்பினும் அது ஒழுக்க ரீதியாக நியாயமற்றது என்பது எனது முடிவாகும்.

குறிப்பு: நீங்கள் இதற்கு மாறான முடிவுக்கும் வரலாம். அதற்காகப் புள்ளி குறையாது. ஆனால் அவ்வாறு வருவோர், கொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன விடை கூறுகிறீர்கள் என்பதையும் ஒரு வசனத்தில் எழுதியே ஆக வேண்டும். அதேபோன்று நியாயமற்றது என்போர், யுத்தம் நீடித்திருந்தால் இறந்திருக்கக்கூடியவர்களுக்கு என்ன விடை என்பதை எழுத வேண்டும். எதிர்த்தரப்பின் கடினமான கேள்விக்கு முகங்கொடுக்கும் விடையே நல்ல விடை.

12. பயிற்சி வினாக்கள்

1. 1942 ஏப்ரலில் யப்பானியத் தாக்குதலுக்கு உள்ளான இலங்கையின் இரு நகரங்களைக் குறிப்பிடுக.
2. பொட்ஸ்டாம் பிரகடனத்தின் பிரதான கோரிக்கை யாது?
3. நாகசாகிக்கு முன்னர் குறிவைக்கப்பட்ட நகரம் எது? அது தப்பியமைக்குக் காரணம் யாது?
4. "குண்டு தேவையாக இருந்தது", "குண்டு செய்யத்தக்கதாக இருந்தது" ஆகிய இரு கூற்றுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
5. ஹேர்மிஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதற்கும் ஹிரோசிமா அழிக்கப்பட்டதற்கும் இடையிலான ஒழுக்க ரீதியான வேறுபாடு யாது?
6. சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிலைப்பாட்டை விளக்கி, அது பற்றிய உங்கள் கருத்தை எழுதுக.

ஐந்தாம் வினாவுக்கு விடை எழுதிய பின்பு இப்பாடத்தின் முதலாம் பகுதியை மீண்டும் வாசித்துப் பாருங்கள். பின்னர் சரியா பிழையா என்று உங்கள் கையை ஒருமுறை உயர்த்திப் பாருங்கள். முதலில் உயர்த்திய அதே கையாக இருந்தாலும் பரவாயில்லை. இம்முறை அதற்கு ஒரு காரணம் உங்களிடம் இருக்க வேண்டும்.